செம்பூருக்கும் மாதுங்காவுக்கும் நடுவில்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு தாதரில் ரயிலை விட்டு இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது அக்காவின் கையிலிருந்த கார் சாவி. அதற்குப் பின்னால் அக்கா நின்றாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"கார் எங்கே நிறுத்தியிருக்கே?" என்றேன்.

"நான் எங்கே நிறுத்தினேன். அதுவே சயான்ல நின்னுடுத்து. லோக்கல் ரயில் பிடிச்சு வந்தேன். பெட்டியை எடு, போய்ப் பார்க்கலாம்."

அந்தக் காருக்காகத்தான் நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். அதைப் பத்து நிமிடம் தாமதமாகச் சந்தித்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று அப்போது நினைத்தேன்.

விஷயம் இதுதான். அக்கா குடும்பம் செம்பூரில் இருக்கிறது. அவள் கணவர், எங்கள் அத்திம்பேருக்கு எழுபத்து நான்கு வயது. கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக ஞாபகம் கழன்றுகொண்டு வருகிறது. மாதுங்காவில் அப்படிப்பட்டவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்று இருக்கிறது. காலையில் கொண்டுபோய் விட்டால் மாலையில் அழைத்து வரலாம். அவர் அங்கே போகும் நாட்களில் சாப்பிடுகிறார், தூங்குகிறார். போகாத நாட்களில் இரண்டும் இல்லை. அக்காவுக்கும் இல்லை.

ஆனால் அவர் ஏறுவது ஒரே ஒரு வண்டியில்தான். அவர் வாங்கிய நீல நிறக் கார். கார்புரேட்டர் வைத்து வந்த கடைசிக் கார்களில் ஒன்று, இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. முதல் தடவை டாக்சியில் ஏற்றியபோது, என்னை எங்கே கடத்திக்கொண்டு போகிறாய் என்று டிரைவரிடம் நல்ல ஹிந்தியில் விசாரித்தார். இரண்டாம் தடவை ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்தார். மூன்றாம் தடவை அக்கா முயலவில்லை. அறுபத்து மூன்று வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு அவளே ஓட்டினாள்.

ஜூன் மாதத்திலிருந்து கார் வழியில் நிற்க ஆரம்பித்தது. நின்றால் உடனே கிளம்பாது. அத்திம்பேரை உள்ளே வைத்துக்கொண்டு சாலை நடுவில் இரண்டு தடவை நின்ற பிறகு அக்கா அவரை ஏற்றுவதை விட்டுவிட்டாள். திங்கட்கிழமையோடு பதினான்கு வேலை நாட்கள் மையத்துக்குப் போகவில்லை. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் அவருடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று கடிதம் வந்திருந்தது. இதற்கு நடுவே காரின் பதிவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. பரிசோதனை. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. அதுவரை கார் தெருவில் இறங்கக் கூடாது.

ஆக, ஓடுகிற கார் ஒன்று வெள்ளிக்கிழமை வேண்டும். அதில் அத்திம்பேர் சனிக்கிழமை ஏற வேண்டும். அத்திம்பேரையும் காரையும் ஒரே ஆள் பார்க்க முடியாது என்று அக்கா போன் செய்தாள். நான் வந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். அது ஏன் ஓடுகிறது என்று தெரியாது. முப்பது வருஷம் பத்திரிகையில் இருந்ததில் ஒரு பழக்கம் மட்டும் மிச்சம். எது நடந்தாலும் மணியைப் பார்த்து எழுதி வைத்துவிடுவேன்.

சயானில் கார் ஒரு பஸ் நிறுத்தத்தை மறைத்து நின்றது. கூரையில் யாரோ குடையைக் காயப்போட்டிருந்தார்கள். மழையில் குடையைக் காயப்போடுகிறவர்களின் நம்பிக்கை எனக்கு அன்று இல்லை. அக்கா சாவியைப் போட்டாள். முதல் திருப்பிலேயே கிளம்பியது. மணி ஏழு ஐந்து.

அக்கா என்னைப் பார்த்தாள். "பாரு. எனக்கு ஒரு மூஞ்சி, உனக்கு ஒரு மூஞ்சி காட்டறது. ஒன்றரை மணி நேரம் முன்னாடி கெஞ்சினேன், கேட்டுதா."

வீட்டில் அரிசி உப்புமா, கெட்டிச் சட்னி. சென்னையில் உப்புமா கேட்டால் ரவையில் வரும், மறுபேச்சு கிடையாது. அத்திம்பேர் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமி துணைக்கு உட்கார்ந்திருந்தாள். கார் கீழே அதன் இடத்தில் நின்றதைப் பார்த்த பிறகு அவர் ஜன்னலை விட்டு நகர்ந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

"சார் எங்கேருந்து வரேள்?" என்று என்னைக் கேட்டார்.

"மெட்ராஸ்லேருந்து, அத்திம்பேர்."

"அங்கேயும் மழையா?"

இல்லை என்றேன். அது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அக்கா என்னைப் பெட்ரோல் போட அனுப்பினாள். நேற்று மாலைதானே நிரப்பினாய் என்றேன். "முள் எஃப்-ஐத் தொடணும். அவர் வெச்ச ரூல். டாங்க் ஃபுல்லா இல்லாம அவர் மாதுங்கா கூடப் போனதில்லை" என்றாள். பம்பில் குழாயை வைத்த ஆள் மூச்சு விடுவதற்குள் டாங்க் நிரம்பி வழிந்தது. அவன் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "சேட், வண்டிக்குத் தாகமே இல்லையே" என்றான்.

செம்பூர் மெக்கானிக் உத்தரப் பிரதேசத்துக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள் பானெட்டைத் திறந்து, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்.

"நின்ற பிறகும் என்ஜின் நன்றாகச் சுற்றுகிறதாம். பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது. பேட்டரி என்றால் சுற்றவே சுற்றாதே" என்றேன். ரயிலில் வரும்போது படித்து வைத்திருந்தேன்.

"சார், டாக்டரிடம் போனாலும் நீங்களேதான் மருந்து சொல்வீர்களா?"

பேட்டரி மாறியது. அவர் பக்கத்தில் உட்கார, தெருவை இரண்டு சுற்று சுற்றினோம். பத்து நிமிடம். குதிரை போல ஓடியது. அவரை இறக்கிவிட்டு மாதுங்கா பக்கம் தனியாகக் கிளம்பினேன். இருபத்து நான்காவது நிமிடத்தில், சயானுக்குச் சற்று முன்னால், கார் ஒரு தடவை உலுக்கியது, இரண்டு தடவை இருமியது, நின்றது. சாவியைத் திருப்பினால் புது பேட்டரியின் உற்சாகத்தில் என்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன்கள். சென்னையில் ஹாரன் அடிப்பவனுக்குக் கோபம் இருக்கும். இங்கே கோபம் இல்லை, அது ஒரு வகை மூச்சு. ஐம்பது நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கார் எதுவும் நடக்காதது போலக் கிளம்பியது. எழுதி வைத்தேன்.

புதன்கிழமை மாதுங்கா வரை போய்விடுவது என்று முடிவு செய்தேன். அக்கா காலையில் மறுபடி டாங்கை நிரப்பச் சொன்னாள். நிரப்பினேன். மாதுங்காவில் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் வட்டத்தில், பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்க்கும்படியாக, கார் நின்றது. இருபத்தாறு நிமிடம்.

மும்பையில் கார் நின்றால் திட்டுவதற்கு ஆள் கிடைப்பது போலவே தள்ளுவதற்கும் கிடைக்கும். பல சமயம் இரண்டும் ஒரே ஆள்தான். ஐந்து பேர் வந்தார்கள். தள்ளியபடியே நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். ஓரமாக விட்ட பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. கார்புரேட்டரில் கசடு என்றார் டாக்சிக்காரர். பெட்ரோலில் தண்ணீர் என்றார் பால் கொண்டுபோனவர். வண்டியை விற்றுவிடுங்கள் என்றார் போக்குவரத்துக் காவலர். அவர் சொன்னதில் உத்தரவும் யோசனையும் கலந்திருந்தன.

நடைபாதையில் பூக் கட்டிக்கொண்டிருந்த தமிழ்க்காரப் பெண் தலையைத் தூக்காமல், "எலுமிச்சம்பழம் மிளகா கட்டலியா சார் வண்டிக்கு?" என்றாள்.

"கட்டினால் ஓடுமா?"

"ஓடாது. திஷ்டி போவும். ஓடுறதுக்கு மெக்கானிக்கப் பாருங்க."

அன்றைய ஆலோசனைகளில் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

கார் தானாகச் சமாதானம் ஆகும் வரை சாப்பிடப் போனேன். மாதுங்கா ஓட்டல்களில் தனி மேசை கிடையாது. காலியாக இருக்கும் நாற்காலி யாருடைய எதிரில் இருந்தாலும் அது உங்களுடையது. ரசவடை கேட்டேன். சென்னையில் ரசவடைக்கு ரசம் தனியாக, வடை தனியாக வரும், நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். இங்கே வடை ஏற்கெனவே ஊறி, சரணடைந்து வந்தது. எதிரே இருந்தவர் டோம்பிவிலியிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர். ஜன்னல் வழியாகத் தெரிந்த காரைப் பார்த்து, "உங்களுதா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நான் வித்துட்டேன். லோக்கல்ல வரேன். ஒண்ணே கால் மணி நேரம் யார் காலையாவது மிதிச்சுண்டு வரேன், ஆனா போய்ச் சேர்ந்துடறேன்."

பாதி வடையை விட்டு எழுந்தேன்.

மாதுங்கா மெக்கானிக் மராட்டியர், பொறுமைசாலி. கார்புரேட்டரைக் கழற்றினார். ஊதினார், பெட்ரோலில் கழுவினார், துணி விரித்து அடுக்கினார், மாட்டினார். மூன்று மணி நேரம். கறுப்பாக இரண்டு துளி வந்ததைக் காகிதத்தில் எடுத்துக் காட்டினார். குற்றவாளி பிடிபட்டான் என்று நானும் நம்பினேன். போகும்போது, "டாங்கை எப்போதும் முழுதாக வையுங்கள். குறைந்தால் அடியில் இருக்கிற அழுக்கு மேலே வரும்" என்றார். அத்திம்பேரின் விதியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வழியில் நிரப்பினேன். இருபத்திரண்டு நிமிடம். அதுதான் இதுவரை குறைந்தது. அன்று மாலை செம்பூருக்கு நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். கார் சயானில் ஒரு மருந்துக் கடை வாசலில் இருந்தது. ஜன்னலருகே அத்திம்பேர் நின்றிருந்தார். கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு அப்படியே இருந்தது.

"மத்தியானத்திலேருந்து இப்படித்தான்" என்றாள் அக்கா. "நாளைக்குள்ள முடியாதுன்னா சொல்லு. நான் மையத்துக்கு போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிடறேன். அவாளும் யாருக்காவது கொடுக்கட்டும்."

வியாழக்கிழமை வரை பொறு என்றேன். அதைச் சொல்வதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

வியாழன் காலை காரை எடுத்துக்கொண்டு செம்பூர் மெக்கானிக்கிடம் மறுபடி போனேன். பேட்டரி பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில்தான் காரணம், சூடானால் மயங்கி விழும், ஆறினால் எழுந்திருக்கும் என்றார். கேட்க நியாயமாக இருந்தது. நின்றதும் ஆறியதும் கிளம்பியதும் அப்படித்தான் இருந்தன. புதுக் காயில் போட்டார். டாங்க் நிரப்பினேன். சயான் வழியாகப் போய்த் திரும்புவோம் என்று கிளம்பினேன். தாராவிக்குள் திரும்பும் சாலையில், இருபத்து மூன்றாவது நிமிடத்தில், ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றது.

ஸ்டீயரிங்கை ஒரு அடி அடித்தேன். என் கைதான் வலித்தது.

கடைக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சார், கடைய மறைச்சிட்டியள."

"நானா மறைச்சேன் அண்ணாச்சி. வண்டி நின்னுபோச்சு."

தமிழ் என்றதும் அவர் இறங்கி வந்தார். திருநெல்வேலிப் பக்கம். அப்பா காலத்திலிருந்து தாராவியில் கடை. "இப்பிடி உக்காருங்க. டீ சொல்லுதேன். இசக்கியக் கூப்பிடுவோம். டெம்போ வேல பாக்கான். பேசுனா எரிச்சலா இருக்கும், வேல சுத்தமா இருக்கும்."

இசக்கி கால் மணி நேரத்தில் வந்தான். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு கருவியும் இல்லை. பானெட்டைத் திறக்கப் போனேன்.

"அத ஏன் தொறக்கிய? நான் கேட்டனா?" என்றான். "எப்ப நிக்கி, எப்பிடி நிக்கி, அதச் சொல்லுங்க மொதல்ல."

நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். மூன்று நாளில் இப்படி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவன் அதை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "தமிழ் படிக்க வராது சார். பள்ளிக்கூடத்துல ஹிந்திதான். நீங்களே வாசிங்க. மெதுவா வாசிங்க, நியூஸ் மாதிரி வேண்டாம்."

தெருவில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, என் குறிப்புகளைச் சத்தமாக வாசித்தேன். "திங்கள் மாலை அக்கா டாங்க் நிரப்பினாள். செவ்வாய் காலை ஐந்து ஐந்துக்கு செம்பூரில் கிளம்பி, சயானில் ஐந்து முப்பதுக்கு நின்றது. செவ்வாய் மதியம் டாங்க் நிரப்பி, பேட்டரி மாற்றி, இருபத்து நான்கு நிமிடம். புதன் காலை டாங்க் நிரப்பி, இருபத்தாறு நிமிடம். புதன் மாலை கார்புரேட்டர் கழுவி, டாங்க் நிரப்பி, இருபத்திரண்டு..."

"நிப்பாட்டுங்க" என்றான். "தெனம் தெனம் டாங்க் ஃபுல்லா? கல்யாணத்துக்கா போறிய?"

"எங்கள் வீட்டு வழக்கம்."

"ஃபுல்லா இல்லாம எப்பவாச்சும் ஓட்டிருக்கியளா?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். அவள் யோசித்தாள். ஜூன் கடைசியில் ஒரு வாரம், பக்கத்து பம்பில் ஏதோ வேலை நடந்து மூடியிருந்தது, அப்போது முள் பாதிக்குக் கீழே போயிற்று, பயந்துகொண்டே ஓட்டினேன் என்றாள்.

"நின்னுதா?" என்றேன்.

"அந்த வாரம் நிக்கலை. அதிசயம்னு நெனச்சேன்."

இசக்கிக்கு நான் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனில் கேட்டது அவனுக்குப் போதும். அவன் காரின் பின்பக்கம் போனான். நான் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்த மூன்று நாட்களில் ஒருவரும் அந்தப் பக்கம் வைத்தியம் பார்க்கப் போகவில்லை. பெட்ரோல் மூடியை மெதுவாகத் திருகினான்.

உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. நீளமாக வந்தது. கடைக்குள் இருந்த அண்ணாச்சிக்கும் கேட்டது.

"இப்பம் அடிங்க ஸ்டார்ட்" என்றான்.

முதல் திருப்பில் கிளம்பியது. நின்று முப்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. அவ்வளவு சீக்கிரம் அது எனக்கு ஒரு தடவையும் கிளம்பியதில்லை.

"அண்ணாச்சி," என்று இசக்கி கடையைப் பார்த்துக் கூப்பிட்டான், "எண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா ஊத்துமா?"

"எப்பிடில ஊத்தும். எதுத்தாப்புல இன்னொண்ணு போடணும். காத்து போவண்டாமா?"

"அதான் சார். பெட்ரோல் வெளிய போகப் போக டாங்குக்குள்ள காத்து வரணும். வரலைன்னா பம்பு உறிஞ்சிப் பாக்கும், முடியாம நின்னுரும். டாங்கு ஃபுல்லா இருந்தா உள்ள காத்துக்கு எடமே இல்ல, சீக்கிரம் முட்டும். பாதி இருந்தா உள்ள இருக்குற காத்து வச்சு ஊர் போய்ச் சேந்துரலாம். நீங்க என்ன செஞ்சிருக்கிய, மூச்சு முட்டுதவனுக்குத் தெனம் விருந்து வச்சிருக்கிய."

மூடியைத் திருப்பிக் காட்டினான். நடுவில் குண்டூசித் தலை அளவு துளை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பசை கெட்டியாக, வழவழப்பாக, விரலால் தடவி அழகாக முடித்து ஒட்டியிருந்தது.

"இது கம்பெனி வச்சதில்ல. வீட்டுல யாரோ கைவேல தெரிஞ்சவங்க வச்சது" என்றான்.

பக்கத்துத் தோல் பட்டறையிலிருந்து தையல் ஊசி ஒன்றை வாங்கி வந்து குத்தினான். பசை பெயரவில்லை. இரண்டாம் முறை ஊசியைச் சூடாக்கிக் குத்தினான். துளைக்கு மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. வேலை நான்கு நிமிடம். பேட்டரி, கார்புரேட்டர், காயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாள்.

அக்காவுக்கு மறுபடி போன் செய்தேன். பெட்ரோல் மூடியில் பசை வைத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "மேலயே ஓட்டை இருந்துதுடா. மழைத் தண்ணி உள்ளே போகாதா?"

மே மாதம் மும்பையில் அடைக்கிற மாதம். மழைக்கு முன்னால் மொட்டைமாடி விரிசலுக்குத் தார் போடுகிறார்கள், ஜன்னல் விளிம்புக்குப் பசை வைக்கிறார்கள், ஏ.சி. பெட்டியைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டுகிறார்கள். ஒரு துளையை விட்டுவிட்டால் ஜூலையில் சுவர் முழுக்கப் பூஞ்சை பூத்துவிடும். சென்னையில் மழைக்கு முன்னால் நாம் செய்வது வானத்தைப் பார்ப்பது. இங்கே வீட்டில் ஒரு துளை தெரிந்தால் அது குற்றம். அக்கா முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறாள். ஜன்னலுக்குக் குழைத்த பசையில் மிச்சம் இருந்திருக்கிறது. அவள் கண்ணில் காரின் துளை பட்டிருக்கிறது.

கார் ஏன் நின்றது என்று விளக்கினேன்.

"ஓட்டைன்னா அடைக்கறதுதானேடா" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

தாராவியிலிருந்து செம்பூர், செம்பூரிலிருந்து மாதுங்கா, மாதுங்காவிலிருந்து செம்பூர். ஒரு மணி நாற்பது நிமிடம் ஓட்டினேன். நிற்கவில்லை. ஐந்தாவது நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை அது நிற்பதற்காகக் காத்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு கார் ஓடுவது இவ்வளவு களைப்பைத் தரும் என்று தெரிந்திருக்கவில்லை.

மாலையில் அக்கா அடை வார்த்தாள். அத்திம்பேர் கார் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டார். இரண்டாவது அடையை அவர் தட்டில் போட்டபோது அக்கா என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஒவ்வொரு மே மாசமும் அவர்தான் எல்லாத்தையும் அடைப்பார். இந்த வருஷம் அவரால ஆகலை. எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு லிஸ்ட் போட்டுண்டு நான் பண்ணினேன். சமையல் ரூம், பாத்ரூம், பால்கனி. கடைசியா கார்."

"அவர் லிஸ்டில் கார் இருந்ததா?"

"இல்லை. அவருக்கு மறந்து போச்சுன்னு நெனச்சேன்."

அத்திம்பேர் அடை நன்றாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கனமழை. பரிசோதனை மைதானத்தில் கணுக்கால் வரை தண்ணீர். எங்களுக்கு முன்னால் பதினாறு வண்டிகள், பெரும்பாலும் டெம்போக்கள். என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று ஒன்றரை மணி நேரம் அணைக்காமலே நின்றேன். அதிகாரி குடைக்குள் வந்து விளக்கு, ஹாரன், பிரேக், வைப்பர் பார்த்தார். பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் உரிந்திருக்கிறது என்றார். வாசலிலேயே ஒருவர் அதை மட்டும் விற்றுக்கொண்டிருந்தார். ஈரத்தில் ஒட்டவில்லை. என் சட்டையின் உட்புறத்தால் துடைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி என் கையையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார். என்ஜினை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னார். அணைத்தேன். போட்டேன். கிளம்பியது. அவர் பாஸ் என்று எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு அத்திம்பேர் கீழே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா. காரை ஒரு சுற்று சுற்றி வந்து டயர்களைக் காலால் தட்டிப் பார்த்தார். பின்கதவைத் தானே திறந்து ஏறினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன்.

"பெட்ரோல்?" என்றார்.

"முக்கால் இருக்கு" என்றாள் அக்கா.

அவர் முகம் மாறியது. கதவின் கைப்பிடியில் கை போயிற்று. அக்கா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, "மாதுங்காவுக்குத்தானே, போறும்" என்றாள். சயான் தாண்டும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. கார் நிற்கவில்லை. கதவும் திறக்கவில்லை.

மையம் முதல் மாடியில். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்று, மராட்டியில், "காகா வந்துவிட்டாரே" என்றாள். காகா என்றால் சித்தப்பா. பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். அவர் பெயருக்கு நேரே பதினெட்டு கட்டங்கள் காலியாக இருந்தன. தன் பேனாவை எடுத்துப் பத்தொன்பதாவதில் கையெழுத்துப் போட்டார். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் மேசையை விட்டு வந்து, ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த வயதான அம்மாவின் மடியிலிருந்து டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

காத்திருப்போர் பட்டியலில் அடுத்ததாக இருந்தவர்கள். தொலைவில் இருக்கும் முலுண்டிலிருந்து லோக்கலில் வந்திருந்தார்கள்.